மிதிபடும் சங்கீதம்

என் மச்சானுக்கு இரண்டு கைதான் இருக்கிறது. பல வருடம் அவன் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போன பிறகுதான் குறையாகத் தெரிய ஆரம்பித்தது. ஆடியில் அம்மன் கோயில், டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல், மிச்ச நாளில் கல்யாண ரிசப்ஷன் என்று பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே அலைகிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் அக்கா செய்த பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, வலது கை நாதஸ்வரம் வாசிக்குது. இடது கை கார்டு புடிக்குது. அடுத்த வரியில வயலின் செட்டு வரணும். டோனை யாரு மாத்துறது?"

"பக்கத்துல தபேலா வாசிக்கிறாரே, அவரை மாத்தச் சொல்லு."

"அவருக்கும் ரெண்டு கைதான் மாமா."

கால் சும்மாதானே இருக்கிறது, அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்பது அவன் யோசனை. காலால் மிதித்தால் லேப்டாப்பில் டோன் மாற வேண்டும். அதற்கென்று பெடல்கள் ரெடிமேடாக விற்கத்தான் செய்கின்றன. விலையைக் கேட்டதும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆகவே மாமா.

வீட்டில் சால்டரிங் அயர்ன் வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து விடுதலை கிடையாது. கொசு பேட், எமர்ஜென்சி லைட், யாரோ பேரனுடைய ரிமோட் கார் எல்லாம் மஞ்சள் பைக்குள் சுருண்டு வீடு தேடி வரும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வெர்னியர் பிடிக்கிறவன். ஒயரிங்குக்கும் எனக்கும் தொழில்முறைத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் எஸ்டேட்டுக்குப் போய்வருகிறவனுக்கு ராக்கெட்டைத் தவிர எல்லாம் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

விஷயம் என்னவோ சின்னதுதான். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் இரண்டு கால் சுவிட்ச், நடுவில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு போர்டு. இந்த ஒயரில் பாட்டு ஓடாது, உத்தரவுதான் ஓடும். 'இந்தக் கட்டையை அழுத்தினான், இவ்வளவு வேகமாக அழுத்தினான், இப்போது விட்டுவிட்டான்' என்று ஒரு கருவி இன்னொன்றுக்குக் கோள் மூட்டுகிற மொழி. மிடி என்று பெயர். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், வேறு வேறு கம்பெனிகளின் இரண்டு கீபோர்டுகளை ஒரே கேபிளால் இணைத்து, ஒன்றைத் தட்டினால் மற்றது பாடுவதைக் காட்டினார்கள். சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இக்குதாரோ காக்கேஹாஷியும் முன்நின்று செய்த காரியம் இது. போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஒரே ஒயருக்குச் சம்மதித்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். எங்கள் தெருவில் இரண்டு கேபிள் டிவிக்காரர்கள் ஒரே கம்பத்துக்குக்கூட இன்னும் சம்மதிக்கவில்லை. மூன்றே வருடத்தில், 1986-இல், 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரை வைத்து இசையமைத்துவிட்டார். பரோடாவில் படித்து இன்டெலுக்குப் போன அஜய் பட் முதலானவர்கள் யூஎஸ்பியைக் கொண்டுவந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து. 1999-இல் மிடி அந்த யூஎஸ்பிக்குள்ளேயே குடியேறியது.

நாங்கள் எடுத்த போர்டில் இருப்பது ஏடிமெகா 32யூ4 என்ற சிப். நேராக லேப்டாப்புடன் யூஎஸ்பியில் பேசத் தெரிந்தது என்பதுதான் இதன் விசேஷம். 'நான் ஒரு டைப் அடிக்கிற கீபோர்டு' என்று சொன்னால் லேப்டாப் சரி என்கிறது. 'நான் ஒரு இசைக்கருவி' என்றால் அதற்கும் சரி என்கிறது. ஆதார் கேட்பதில்லை.

54-ஆம் நம்பர் பஸ் பிடித்து அண்ணா சாலையில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனோம். போர்டு கிடைத்தது. காலால் மிதிக்க ஒரு சுவிட்ச் என்றதும் கடைக்காரத் தம்பி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்: "லாக்கா, நான்-லாக்கா?"

மச்சான் முழித்தான்.

"அமுக்குனா அப்டியே நிக்கணுமாண்ணா, விட்டா வந்துடணுமா?"

பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை அந்தத் தம்பி ஒரு வரியில் முடித்துவிட்டான். எங்களுக்கு வேண்டியது விட்டால் வந்துவிடுவது. புஷ்-டு-ஆன். கொடுத்தான். அழகாக, சிவப்பாக, ஆள்காட்டி விரலுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. மச்சான் வீட்டுக்கு வந்து முதல் மிதி மிதித்ததும் அது உள்ளே போனது. போனதுதான், லாக்கும் இல்லை நான்-லாக்கும் இல்லை.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கிதார்காரர்களின் பெட்டிகளில் ஸ்டீல் மொட்டு மாதிரி ஒரு சுவிட்ச் வரும், அதன் ஊரில் பூட்ஸ் காலால் மிதிப்பதற்கென்று செய்தது. நம் ஊரில் அம்மன் சந்நிதிக்கு எதிரே போட்ட மேடையில் செருப்போடு ஏற முடியுமா? வெறுங்கால். அந்த ஸ்டீல் மொட்டை ராத்திரி மூன்று மணி நேரம் உள்ளங்காலால் குத்திக்கொண்டிருந்தால் மச்சான் மறுநாள் தீமிதிக்குத் தயாராகிவிடுவான். அகலமான பெடல் வேண்டும், உறுதியாக இருக்க வேண்டும், மேடையில் நகரக் கூடாது. இந்த மூன்றும் ஒன்றாக வாய்த்த பொருளை நான் தினமும் எஸ்டேட்டில் தாண்டிப் போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எஸ்டேட்டில் ஒரு நண்பர் சின்னதாகப் பிரஸ் ஷாப் வைத்திருக்கிறார். தகட்டை அச்சுக்கு அடியில் வைத்து, காலால் மிதித்தால், மேலிருந்து டன் கணக்கில் ஒன்று இறங்கித் தகட்டை வாஷராகவோ பிராக்கெட்டாகவோ ஆக்கிவிட்டு மேலே போகும். அந்த மிதிக்கென்று ஒரு ஃபுட் சுவிட்ச் உண்டு. வார்ப்பு அலுமினியத்தில், தலைக்கு மேல் கூரையோடு, ஆமை மாதிரி உட்கார்ந்திருக்கும். அலமாரியில் கிடந்த பழைய ஜோடி ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். டீ.வி.எஸ். ஃபிஃப்டியில் முன்னால் வைத்துக்கொண்டு பாரிவாக்கம் சிக்னலில் நின்றபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கூரை எதற்கு என்று மச்சான் கேட்டான். கை அச்சுக்குள் இருக்கும்போது மேலிருந்து ஒரு ஸ்பானர் விழுந்து பெடல் தானாக அமுங்கிவிடக் கூடாது, அதற்காக. பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர்கள் கதை எங்கள் பக்கத்தில் புதிதல்ல. டீக்கடையில் கிளாஸை நான்கு விரலால் பிடிக்கிற அண்ணன்கள் இருக்கிறார்கள். ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு போடு என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மச்சான் தன் பத்து விரலையும் ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டான். ஆனால் கீபோர்டு மேலிருந்து இறங்காது என்று அவனுக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது.

கூடத்தில் இரண்டு ஆமைகளையும் வைத்ததும் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா அது?"

"பாட்டு வாசிக்கிறதுக்கு அத்தை. காலால மிதிக்கணும்" என்றான் மச்சான், உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று நம்புகிற வயது.

"வாசிக்கிற பொட்டியக் காலால மிதிப்பியா? சரஸ்வதிடா அது!"

"கீபோர்டை மிதிக்கல அத்தை, சுவிட்சைத்தான்."

"நடுவுல ஒயரு போகுதில்ல? அது வழியாப் போகாதா?"

மின்சாரம் போகும் வழியில் பாவம் போகாது என்று நிரூபிக்க எங்களிடம் மீட்டர் இல்லை. நல்லவேளையாக மேல்வீட்டு சார் இறங்கி வந்தார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இருந்து ரிட்டயரானவர். விஜயந்தா டாங்கிக்கே ஒயர் இழுத்தவர் என்பதால், எங்கள் வீட்டில் ட்யூப்லைட் மாற்றினாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வந்துவிடுவார். "அம்மா, ஊர்ல 'வள்ளி திருமணம்' நாடகம் போடுவாங்களே, ஹார்மோனியக்காரர் எப்படி வாசிப்பார்? ரெண்டு காலாலயும் மாத்தி மாத்தி மிதிச்சுத்தானே காத்தடிப்பார்? அவருக்குச் சரஸ்வதி குறை வச்சாளா?" என்றார். நான் என் பங்குக்கு, நண்பரின் ஷாப்பில் ஆயுத பூஜை அன்று மெஷினுக்கு வைத்த கையோடு ஃபுட் சுவிட்சுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதைச் சொன்னேன். அது நிஜம். அம்மா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"சரி, மிதிச்சா ஒவ்வொரு தடவையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோ."

"கை ரெண்டும் ஃப்ரீயா இல்லேன்னுதானே அத்தை, காலுக்கே வந்தேன்."

அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஒயரிங் ஆரம்பித்தது. போர்டில் இருக்கும் யூஎஸ்பி சாக்கெட் அரிசி தானியத்துக்கு அண்ணன் அளவில் இருக்கும். மேடையில் யாராவது கேபிளைத் தடுக்கினால் சாக்கெட் பெயர்ந்து கையோடு வந்துவிடும். அதனால் பெட்டிச் சுவரில் பிரிண்டருக்குப் போடுவது போன்ற சதுர சாக்கெட் ஒன்றை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, அதிலிருந்து உள்ளே போர்டுக்கு ஒரு துண்டுக் கேபிள். பெட்டி எங்கள் தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையில் சுவருக்குள் பதிக்க விற்கும் ஜிஐ பாக்ஸ். துண்டுக்கு மச்சான் ஒரு பழைய மொபைல் கேபிளைக் கொண்டுவந்தான். வெட்டி, தோலை உரித்தால், உள்ளே சிவப்பு, கறுப்பு இரண்டே ஒயர். யூஎஸ்பியில் நான்கு இருக்க வேண்டும். சிவப்பு ஐந்து வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும்தான் பேசுகிற ஒயர்கள். இது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். சோறு போடும், பேச்சு கிடையாது. வேறு கேபிள் தேடினோம். அதில் நான்கு இருந்தன, ஆனால் நிறம் எல்லாம் கேபிள் செய்தவன் இஷ்டம். மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

பேசுகிற ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறினால், வாங்குகிற சிப் அதைக் கழித்துவிடும். பிறகு நுனியை முறுக்கி, ஃப்ளக்ஸில் தொட்டு, அயர்ன் முனையை அடியில் கொடுத்து, ஈயத்தை மேலிருந்து காட்ட வேண்டும். சூடு ஏறியதும் ஈயம் சட்டென்று பளபளத்து ஒயர் இழைகளுக்குள் தானே ஓடிப் போகும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தப் பொழப்பை விட முடியவில்லை. மேல்வீட்டு சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அசையாத, அசையாத, ஊதாத" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பேசும்போது ஊதியது அவர்தான்.

ஃபுட் சுவிட்சைத் திறந்தால் உள்ளே மூன்று ஸ்க்ரூ. காமன், என்ஓ, என்சி. மிதித்தால் சேர்வது என்ஓ, மிதித்தால் பிரிவது என்சி. காமனைக் கிரவுண்டுக்கும் என்ஓவைச் சிப்பின் காலுக்கும் கொடுத்தோம். செருகினோம். லேப்டாப் மரியாதையாக ஏற்றுக்கொண்டது. மச்சான் மிதித்தான். 'டக்' என்று சத்தம் தெருவரைக்கும் கேட்டது. டோன் மாறவில்லை. திரும்ப மிதித்தான். மாறியது. திரும்ப, இல்லை.

இதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்தது மேல்வீட்டு சார். சுவிட்சில் '10 ஆம்பியர், 250 வோல்ட்' என்று பொறித்திருந்தது. எங்கள் போர்டு அதற்குள் அனுப்பியதோ ஒரு மில்லியாம்பியரில் பத்தில் ஒரு பங்கு. சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும், ஐந்து வோல்ட்டை 50 கிலோ ஓமால் வகுத்தால் அவ்வளவுதான் தேறும். அதாவது சுவிட்சின் தகுதியில் லட்சத்தில் ஒரு பங்கு. கான்டாக்ட் வெள்ளி. சும்மா கிடந்தால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அழுக்குப் படலம் பிடிக்கும். பெரிய கரன்ட் பாயும்போது வருகிற சின்னப் பொறி அதைப் பொசுக்கிவிடும். இவ்வளவு சன்னமாக வருகிற கரன்ட்டுக்கு அந்தப் படலத்தைத் தாண்டவே தெம்பு இருக்காது. கலெக்டர் ஆபீஸில் சிபாரிசு இல்லாமல் நீட்டிய மனு மாதிரி, வாங்கி வைத்துக்கொள்ளும், நகராது.

சிபாரிசுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டோம். 470 ஓம், மஞ்சள் ஊதா பழுப்பு, விலை சில்லறைதான். ஐந்து வோல்ட்டுக்கும் சிப்பின் காலுக்கும் நடுவே அதை வைத்ததும், மிதிக்கும்போது சுமார் பத்து மில்லியாம்பியர் ஓட ஆரம்பித்தது. படலத்தைத் தாண்ட அது போதும். "டாங்கிலயும் இதே கதைதான்" என்றார் சார். அது நிஜமா, அல்லது எதற்கும் டாங்கியைச் சொல்லும் வழக்கமா என்று எனக்கு நிச்சயமில்லை, கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நேர்மாறான வியாதி. ஒருமுறை மிதித்தால் டோன் நான்கைந்து தாவியது.

இதைப் புரிந்துகொள்ள மிடிக்காரர்களின் டோன் பட்டியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1991-இல் எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொண்ட 128 டோன்கள். முதலாவது பியானோ. 105 சிதார். 112 ஷெனாய். நாதஸ்வரத்துக்கு இடமே இல்லை, நம் ஆட்கள் ஷெனாயைத்தான் தட்டிக் கொட்டி நாதஸ்வரமாக்குவார்கள். ஆனால் 125 டெலிபோன் மணி, 126 ஹெலிகாப்டர், 127 கைதட்டல், 128 துப்பாக்கிச் சூடு. உலகத்தின் 128 முக்கிய ஓசைகளில் ஹெலிகாப்டர் உண்டு, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த கருவி இல்லை. பட்டியல் போட்டவர்கள் ஒருமுறை ஆடி மாதம் பூந்தமல்லி பக்கம் வந்திருக்கலாம். ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும் முன் நாதஸ்வரம் கேட்டிருக்கும். காலால் மிதிக்கும் இன்னொரு பெடல், நாதத்தை நீட்டிப் பிடிக்கிற சஸ்டெயின், அதற்கு மிடியில் கொடுத்திருக்கும் எண் 64. ஆய கலைகள் கணக்கு எங்கோ எதேச்சையாக இடித்திருக்கிறது, அந்த மட்டில் மன்னிக்கலாம்.

இதில் சிப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது, பட்டியல் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. பட்டியலைப் பார்த்து 105 என்று அப்படியே அனுப்பினால் சிதாருக்குப் பதில் அடுத்ததான பாஞ்சோ வந்து நிற்கும். ரவிசங்கர் உட்கார வேண்டிய நாற்காலியில் கவ்பாய்.

தாவலுக்கு வருகிறேன். சுவிட்சின் இரண்டு தகடும் சேரும்போது ஒரே தட்டில் சேர்வதில்லை. சில மில்லிசெகண்டுக்கு மோதி, எகிறி, மறுபடி மோதித்தான் அடங்கும். நம் காதுக்கு ஒரு 'டக்'. சிப்போ நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு துடிக்கிறது. ஐந்து மில்லிசெகண்ட் என்பது அதற்கு எண்பதாயிரம் துடிப்பு, நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொரு எகிறலையும் ஒரு மிதி என்று கணக்கெழுத அவகாசம் இருக்கிறது. மச்சான் ஷெனாயிலிருந்து ஒத்திகையை ஆரம்பித்தான். ஒரு மிதிக்கு எங்கெங்கோ தாவி, வயலினுக்காக ஆத்திரத்தில் மிதிக்க மிதிக்க, கட்டையில் கை வைத்ததும் வீடு முழுக்க டெலிபோன் மணி அடித்தது. அம்மா போனைத் தேடினாள். என் மனைவி ஹேண்ட்பேக்கைக் கொட்டினாள். மேல்வீட்டு சார் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். அடுத்த மிதிக்கு ஹெலிகாப்டர் வந்தது. வாசலில் நின்றவர் அண்ணாந்து பார்த்தார்.

சிப்புக்கு எழுதிய புரோகிராமில் ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று. ஒரு மிதியைப் பார்த்தால், அடுத்த இருபது மில்லிசெகண்டுக்கு எதையும் காதில் போட்டுக்கொள்ளாதே என்பதுதான் அந்த வரி. எங்கள் வீட்டில் அப்பா கடைசிவரை இந்த முறையில்தான் குடும்பம் நடத்தினார்.

ஆடி வெள்ளி வந்தது. பூந்தமல்லி பக்கம் ஒரு அம்மன் கோயில், தெருவை அடைத்து மேடை, கூழ் அண்டா, சீரியல் லைட்டில் ஆறடி அம்மன், ஜெனரேட்டர். மச்சான் காலடியில் இரண்டு ஆமை, நடுவே ஜிஐ பாக்ஸ், அதில் மேல்வீட்டு சார் தன் கையால் எழுதி ஒட்டிய 'எச்சரிக்கை' என்ற சீட்டு. யாருக்கு எச்சரிக்கை என்று நாங்கள் கேட்கவில்லை.

லைனைக் கொடுத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். அம்மன் வந்துவிட்டாள் என்று முன்வரிசையில் ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஐம்பது சைக்கிள் ஹம். லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் வேறொரு பிளக்கிலும் இருந்து, இரண்டின் கிரவுண்டும் ஆடியோ கேபிள் வழியாகக் கைகோத்துக்கொண்டு சுற்றும் சுற்று. சார் எர்த்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். டாங்கி வருவதற்கு முன்பாகவே சவுண்ட் செட் தம்பி, வாயிலிருந்த டேப்பைத் துப்பிவிட்டு, "லேப்டாப் சார்ஜரப் புடுங்குண்ணா, பேட்டரில ஓடட்டும்" என்றான். பிடுங்கினோம். நின்றது. ரிச்சி தெருத் தம்பி, சவுண்ட் செட் தம்பி இவர்கள் இரண்டு பேரையும் ஏதாவது காலேஜில் பாடம் எடுக்க விட்டால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்துப் போகும்.

கச்சேரி நடந்தது. ஷெனாய் போய் வயலின் வந்தது, வயலின் போய் உடுக்கை வந்தது, டெலிபோன் வரவில்லை. 'டக்' சத்தம் மட்டும் டிரம்ஸ்காரருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் முறைத்தார், பிறகு அதையே தாளமாக எடுத்துக்கொண்டார்.

இடைவேளையில் மேடை ஓரமாக ஒருவர் வந்து நின்றார். நெற்றியில் விபூதி, கையில் கூழ் சொம்பு, சட்டையில் எஸ்டேட் கிரீஸ். கீபோர்டைப் பார்க்கவில்லை, லேப்டாப்பைப் பார்க்கவில்லை. குனிந்து ஃபுட் சுவிட்சின் கூரையை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். பழகிய ஆள்.

"எத்தன டன்னுங்க?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் சாரைப் பார்த்தேன். சார் ஒரு கணமும் தயங்கவில்லை.

"முப்பது."

"அதானே பாத்தேன்" என்றார் அவர். "கையப் பாத்துக்கச் சொல்லுங்க தம்பிய."